கையா, கீயா?

வானொலியில் பத்தாண்டுகளுக்கு மேல் ஹெட்போனோடு உட்கார்ந்தால் ஒரு வியாதி ஒட்டிக்கொள்ளும். கல்யாண மண்டபத்தில் ஸ்பீக்கர் லேசாக இரைந்தாலும், பக்கத்து வீட்டுப் பிள்ளை கீபோர்டில் ஒரு சுரம் தவறினாலும் முதலில் திரும்பும் தலை என்னுடையதாகத்தான் இருக்கும். வீட்டில் இதைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. ஆனால் இந்த வியாதி சென்ற ஆண்டு ஒரு நல்ல காரியத்துக்கு உதவியது.

என் அப்பா கப்பல் பட்டறையில் ஃபிட்டர். பகலில் கிரீஸும் இரும்பும். வார இறுதியில் இசைக்குழு. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் கல்யாணங்கள், கோயில் திருவிழாக்கள், சமூக மன்ற நிகழ்ச்சிகள் என்று எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அவர் வாசிக்காத மேடை குறைவு. 1982ல் ‘பயணங்கள் முடிவதில்லை’ வந்த பிறகு, கிட்டாரோடு மேடை ஏறுகிறவரிடம் ஊரே ஒரே பாட்டைத்தான் கேட்டதாம். எந்தப் பாட்டு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய எலெக்ட்ரிக் கிட்டார் ஜப்பானில் செய்தது, 1985ல் ஒரு பிலிப்பினோ இசைக்கலைஞரிடம் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. தலைப்பகுதியில் இருந்த பெயர் எழுத்துகள் எப்போதோ உதிர்ந்துவிட்டன.

இப்போது அப்பாவுக்கு 69 வயது. வலது கைக் கட்டைவிரலிலும் இடது கைக் கட்டைவிரலிலும் மூட்டுத் தேய்மானம். மாதத்துக்கு ஒரு முறை கிட்டாரை எடுப்பார், சுருதி சேர்க்கப் பத்து நிமிடம் போராடுவார், இரண்டு பாட்டு வாசிப்பார், முகம் மாறும், உறைக்குள் வைத்துவிடுவார். கேட்டால், “கைதாம்மா போச்சு” என்பார். பாலிகிளினிக்கில் டாக்டரும் மூட்டைப் பற்றித்தான் பேசினார். அதனால் வீட்டில் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. வயதானவர்கள் ‘என்னால முடியல’ என்றால் நாம் எவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிறோம்!

என் காதுதான் நம்பவில்லை. விரல்கள் சரியான இடத்தில்தான் அழுத்தின. ஆனால் மூன்றாவது கம்பியை அவர் கொஞ்சம் வளைத்து வாசித்துவிட்டு விட்டால், அது கிளம்பிய இடத்துக்குத் திரும்பவில்லை. கொஞ்சம் கீழே நின்றது. அடுத்த கார்டு முழுவதும் கசந்தது. அரைச்சுரத்தை நூறாகப் பிரித்து ஒரு பங்கை ஒரு சென்ட் என்கிறார்கள். பழகிய காதுக்கு ஐந்தாறு சென்ட் விலகலே போதும், எரிச்சல் வர. அப்பாவின் காது என் காதைவிடப் பழகியது. தன் வாசிப்பு கசப்பதை அவர் கேட்டார், பழியைத் தன் கையின் மேல் போட்டுக்கொண்டார்.

கிட்டாரின் தலையில் ஆறு திருகிகள் இருக்கின்றனவே, கடையில் ‘மெஷின் ஹெட்’ என்பார்கள், அப்பா ‘கீ’ என்பார். வீணையில் இதே வேலையைப் பிரடை செய்கிறது. ஆனால் பிரடை வெறும் மரம், துளையின் இறுக்கத்தில்தான் நிற்கும். (இப்போது வீணைக்கே கிட்டார் கீ பொருத்திக்கொள்பவர்களும் இருக்கிறார்கள்.) கிட்டார் கீக்குள் திருகு வடிவத் தண்டு ஒன்று, அதைக் கவ்வியபடி சின்னப் பல்சக்கரம் ஒன்று. நாம் திருகினால் சக்கரம் சுற்றும். சக்கரத்தைக் கம்பி எவ்வளவு இழுத்தாலும் திருகு திரும்பாது. ஆறு கம்பிகளும் சேர்ந்து ஏறக்குறைய 40 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும்போதும் சுருதி நிற்பது இந்த ஒருவழிப் பாதையால்தான்.

ஆகவே சுருதி நிற்கவில்லை என்றதும் கீயை மாற்றக் கிளம்பிவிடக் கூடாது. பெரும்பாலும் குற்றவாளி வேறு இடத்தில் இருப்பான். கழுத்தின் உச்சியில் கம்பிகள் உட்காரும் வெள்ளைத் துண்டை ‘நட்’ என்பார்கள். அதன் வெட்டில் கம்பி சிக்கிக்கொண்டால், திருகும்போது ஒன்றும் நடக்காது, திடீரென்று ‘டிங்’ என்று ஒரு சத்தத்தோடு குதிக்கும். அப்பாவின் கிட்டாரில் மூன்றாவது கம்பி அப்படித்தான் குதித்தது. இதற்கு வைத்தியம் பள்ளிப்பிள்ளையின் பென்சில். வெட்டுக்குள் பென்சில் முனையைத் தேய்த்தால் அந்தக் கரிப்பொடியில் கம்பி வழுக்கும். செலவு பூஜ்யம். பாதிப் பிரச்சினை அன்றே தீர்ந்தது.

மீதிப் பாதிதான் கீகள். நாற்பது ஆண்டு உழைப்பில் பற்கள் தேய்ந்து, இரண்டு கீகளில் கால் சுற்றுத் திருகியும் ஒன்றும் பிடிக்கவில்லை. ஒன்றைத் திருக என் கைக்கே வலித்தது. மூடிய கூடு என்பதால் பிரித்து எண்ணெய் விடவும் வழியில்லை. உள்ளே போட்ட கிரீஸ் எப்போதோ காய்ந்திருக்கும். கட்டைவிரல் மூட்டு வலிக்கிற மனிதர் இதோடுதான் பத்து நிமிடம் மல்லுக்கட்டிவிட்டு வாசிக்கத் தொடங்குகிறார். பாட்டு வருவதற்குள் விரல் ஓய்ந்துபோகாதா?

கோல்மன் ஸ்திரீட்டில் இருக்கும் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரில் கிட்டார் கடைகள் வரிசையாக உண்டு. ஒரு சனிக்கிழமை அங்கே போனேன். கடையில் இருந்த மலாய் அங்கிள் என் கைப்பேசிப் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மூன்று கேள்வி கேட்டார். துளை எத்தனை மில்லிமீட்டர்? ஆறு கீயும் ஒரே பக்கமா, பக்கத்துக்கு மூன்றா? பின்பக்கத் திருகாணி நேராக இருக்கிறதா, சாய்வாகவா? துளை அளவு மிக முக்கியம். பழைய பாணிக் கிட்டார்களில் அது 9 மில்லிமீட்டருக்கும் குறைவு, புதிய பாணியில் 10. சிறிய துளையைப் பெரிதாக்கிவிட்டால் மரம் திரும்பி வளராது.

வீட்டுக்கு ஃபோன் போட்டேன். “இரும்மா” என்றார் அப்பா. வெர்னியர் கேலிப்பரை எடுக்கப் போயிருக்கிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது. ஓய்வு பெற்று ஏழு ஆண்டு ஆகியும் அது எண்ணெய் போட்ட துணியில்தான் சுற்றியிருக்கும். “பத்து. சரியா பத்து. ஆறும் பார்த்துட்டேன்.” அந்தக் குரலில் பட்டறைக் காலத்து மிடுக்கு இருந்தது.

அப்பா கட்டைவிரலைப் பற்றிச் சொன்னதும் அங்கிள் இன்னொரு பெட்டியை எடுத்தார். கோட்டோ என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கீ. 18க்கு 1 விகிதம். அதாவது நாம் 18 சுற்றுத் திருகினால் கம்பி சுற்றியிருக்கும் தண்டு ஒரு முறை சுற்றும். பழைய கீகளில் 14, 15 சாதாரணம். சுற்று கூடும், ஆனால் ஒவ்வொரு சுற்றுக்கும் தேவைப்படும் பலம் குறையும், சுருதியை மயிரிழையில் நிறுத்தலாம். மூட்டு வலிக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? ஒரு செட் 100 வெள்ளிக்கு மேல். சும்மா சொல்லக் கூடாது, கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் கார்டை நீட்டினேன்.

சிக்கல் வீட்டில் காத்திருந்தது. புதிய கீயின் பின்பக்கத் திருகாணி சாய்வானது, பழையது நேர். அப்படியென்றால் தலையின் பின்புறம் ஆறு சின்னத் துளைகள் புதிதாகப் போட வேண்டும். பெர்த்தில் வேலை பார்க்கும் தம்பிக்குப் படம் அனுப்பினேன். உடனே வீடியோ அழைப்பு.

“அக்கா, அதுல போய்த் துளை போடாதே. அது அப்பாவோட ஞாபகம். அப்படியே ஒரிஜினலா இருக்கணும். பின்னாடி கண்ணாடிப் பெட்டியில வைக்கலாம்னு இருக்கேன்.”

அவன் சொன்னதில் அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். பழைய கிட்டார்களுக்கு அசல் பாகங்கள் இருந்தால்தான் மதிப்பு என்பதும் உண்மை. நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோது அப்பா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “தம்பி, நான் இன்னும் இருக்கேன்டா” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரிப்பா. பழைய கீயைத் தூக்கிப் போட்டுடாதீங்க” என்றான்.

கடையில் வேலைக்கும் ஆள் இருந்தார்கள். அப்பா கொடுக்க விடவில்லை. மறுநாள் சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்தார், கம்பிகளைத் தளர்த்திக் கழற்றினார். முன்பக்க மறைக்கு 10 நம்பர் ஸ்பேனர், பின்பக்கத் திருகாணிக்குச் சின்ன ஸ்குரூடிரைவர். ஒவ்வொரு கீயும் வெளியே வந்தபோது அதன் அடியில் அதே வடிவத்தில் புது மரம் தெரிந்தது. நாற்பது ஆண்டு வெளிச்சம் படாத, கொஞ்சம் வெளிறிய மரம். அப்பா அதை விரலால் ஒரு முறை தடவிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

துளை போடும்போது நான் கைப்பேசியில் வெளிச்சம் காட்டினேன். அவ்வளவுதான் என் பங்கு. இரும்பு ஸ்கேலை வைத்து ஆறு கீகளையும் ஒரே கோட்டில் நிறுத்தினார். ட்ரில் முனையில் திருகாணியின் நீளத்துக்கு டேப் சுற்றினார், அதற்கு மேல் இறங்கினால் முன்பக்கம் எட்டிப் பார்த்துவிடும். திருகாணியைச் சாமி அறை மெழுகுவர்த்தியில் உரசி எடுத்தார். மெழுகு பட்டால் கெட்டி மரத்தில் திருகாணி தலை உடையாமல் இறங்கும். கை நடுங்குமோ என்று எனக்குப் பயம். நடுங்கவில்லை. ‘போன’ கை ஆறு துளைகளையும் அரை மில்லிமீட்டர் பிசகாமல் போட்டது.

புதுக் கம்பியைத் தண்டில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் சுற்ற விடவில்லை. அதிகம் சுற்றினால் அந்தச் சுற்றுகளே பிறகு நழுவி விளையாடும். ஒவ்வொரு கம்பியையும் மெல்ல இழுத்துவிட்டு, மறுபடி சேர்த்தார். சுருதி மேலே போய்விட்டால் அப்படியே இறக்கி நிறுத்தக் கூடாதாம். நன்றாகக் கீழே இறக்கிவிட்டு மறுபடி ஏற்றி வர வேண்டுமாம், அப்போதுதான் பற்கள் இடைவெளி இல்லாமல் கவ்வி நிற்கும். இதெல்லாம் அவருக்குத் தெரியும். இவ்வளவு நாள் செய்யத்தான் விரல் ஒத்துழைக்கவில்லை.

அன்று முக்கால் மணி நேரம் வாசித்தார். கட்டைவிரல் வலிக்கத்தான் செய்தது, மூட்டுத் தேய்மானத்துக்குக் கீ மருந்தில்லை. சில வேகமான இடங்களைத் தவிர்த்தார். ஆனால் இப்போது எது கை, எது கீ என்று அவருக்குத் தெரிகிறது.

பழைய கீகள் பிஸ்கட் டின்னில் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒன்றிலிருந்து ஆறு வரை எண் எழுதிய மாஸ்கிங் டேப். பழைய குழுவில் கீபோர்டு வாசித்த மாமா ஈசூனிலிருந்து ஞாயிறு தோறும் வருகிறார். டிரம்ஸ் வாசித்தவர் காலமாகிவிட்டதால் என் கைப்பேசியில் ஒரு செயலி தாளம் போடுகிறது. அது ஒரே மாதிரி போடுகிறது, உயிரே இல்லை என்று இரண்டு பேரும் வாரா வாரம் என்னிடம் புகார் சொல்கிறார்கள்.