மாடி அறையில் ஊதா வெளிச்சம்... ஒரு அம்மாவின் மூன்று வாரத் தவிப்பு!

விடிகாலை மூன்று மணி. காசிமேட்டுக்குக் கிளம்ப, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தவர் எதேச்சையாக மேலே பார்த்தார். மொட்டைமாடியில் இருக்கும் ஒற்றை ஷீட் அறையின் கதவிடுக்கில் ஊதா நிறத்தில் வெளிச்சம். ட்யூப்லைட் வெளிச்சமும் இல்லை, டி.வி வெளிச்சமும் இல்லை.

"இந்நேரத்துல இன்னா பண்றான் இவன்?"

ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு ஏறிவிட்டார். ஆனால், அன்றைக்கு ஏலத்தில் எந்த மீனை என்ன விலைக்கு எடுத்தார் என்பதே அவருக்கு நினைவில்லை.

காத்திவாக்கத்தில் ரயில்வே லைனுக்கும் கடலுக்கும் நடுவே உள்ள ஒரு தெருவில் அவர் வீடு. கணவர் முகத்துவாரத்தில் இறால் பிடித்தவர். அவர் இறந்து எட்டு வருடம் ஆகிறது. ஒரே மகன், வயது 24. டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு கன்டெய்னர் யார்டு ஒன்றில் கான்ட்ராக்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். கான்ட்ராக்ட் முடிந்தது, வேலையும் முடிந்தது. அதற்குப் பிறகுதான் மாடி அறைக்குப் புதுப் பூட்டு வந்தது.

முதலில் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வயசுப் பையன், வேலை போன வருத்தம், தனியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். பிறகு கூரியரில் பெட்டி பெட்டியாகப் பொருள்கள் வர ஆரம்பித்தன. பிளாஸ்டிக் குழாய், சின்னச் சின்ன ஓட்டைக் கப்பு, இரண்டு பாட்டில் திரவம். ஒருநாள் வீடு வீடாகத் தண்ணீர்த் தொட்டியை டார்ச் அடித்துப் பார்க்கும் மாநகராட்சி கொசு ஒழிப்புப் பணியாளர் மாடிக்குப் போனபோது, "அந்த ரூம்ல ஒண்ணும் இல்லக்கா" என்று கதவை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறான். கீழே வந்த அந்தப் பெண், "உன் புள்ள ஏன் இப்டி பயப்படுறான்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அந்த ஒரு கேள்வி அவரை இரண்டு நாள் தூங்கவிடவில்லை.

மூன்றாவது நாள் வந்த பெட்டியை எடுத்துக்கொண்டு, பிளஸ் டூ படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போனார். "இதுல இன்னா எழுதிருக்கு, படிச்சுச் சொல்லு கண்ணு."

"ஹைட்ரோபோனிக்... ஏதோ நியூட்ரியன்ட்னு போட்டிருக்கு ஆன்ட்டி."

ஹைட்ரோபோனிக்! அந்த வார்த்தை அவருக்குத் தெரியும். செல்போனில் வாரத்துக்கு ஒருமுறையாவது அது கண்ணில் படும். பாங்காக்கிலிருந்து வந்த விமானம், சென்னை விமான நிலையம், சுங்கத்துறை சோதனை, சூட்கேஸுக்குள் பாக்கெட் பாக்கெட்டாக ஹைட்ரோபோனிக் கஞ்சா. அவரைப் பொறுத்தவரை அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே கிடையாது.

பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

புழல் வாசலில் நின்ற கால்கள்

அவர் பயந்ததற்குக் காரணம் இருக்கிறது. அவருடைய தம்பி மகன் கஞ்சா வழக்கில் ஏழு மாதமாகப் புழல் சிறையில் இருக்கிறான். தம்பிக்கு உடம்பு சரியில்லாததால், மனு போட்டுப் பார்க்கப் போவது இவர்தான். வெயிலில் வரிசையில் நின்று, பத்து நிமிடம் அந்தப் பையன் முகத்தைப் பார்த்துவிட்டு, திரும்பி வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வருவார். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த இரண்டு பையன்கள். ஒருவன் அங்கே. இன்னொருவன் மேலே பூட்டிய அறைக்குள்.

அன்று ராத்திரி மகன் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டை வைக்காமல் எதிரே நின்றார்.

"சாவியக் குடு."

"எதுக்கும்மா?"

"குடுன்னா குடு. இல்லன்னா அம்மிக் குழவி இருக்குது, பூட்ட நானே உடைச்சுக்கிறேன்."

அவன் ஒன்றும் பேசாமல் அவரைப் பார்த்தான். அம்மாவின் கை நடுங்குவதைப் பார்த்த பிறகுதான் எழுந்தான். இரண்டு பேரும் மாடிக்கு ஏறினார்கள். பூட்டைத் திறந்தான்.

ஊதா விளக்கு. அதற்குக் கீழே வெள்ளைக் குழாய்கள். ஓட்டைகளில் வரிசையாகச் சின்னக் கப்புகள். ஒவ்வொன்றிலும் வாடி, தலை சாய்ந்து, பழுத்துப்போன இலைகள். ஒரு கப்பை வெளியே எடுத்துக் காட்டினான். வெள்ளையாக இருக்க வேண்டிய வேர் பழுப்பாகிக் கொழகொழவென்று தொங்கியது. லேசாக அழுகல் வாடை.

"இன்னாடா இது?"

"லெட்டூஸும்மா. பர்கர்ல வைப்பாங்களே, அந்தக் கீரை. ரெண்டு தபா போட்டேன். ரெண்டு தபாவும் செத்துப் போச்சு."

"கீரையா? இதுக்காடா கதவ சாத்தின?"

"ஏற்கெனவே வேலை இல்ல. பன்னெண்டாயிரம் ரூபா போட்டிருக்கேன். நல்லா வந்துச்சுன்னா காட்டலாம்னு இருந்தேன். இதைக் காட்டி எல்லாரும் சிரிக்கவா?"

அவர் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. கூரியர் பெட்டி, பக்கத்து வீட்டுப் பெண், செல்போன் செய்தி என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்ன பிறகுதான், மூன்று வாரமாக அம்மா எந்த நெருப்பில் நின்றுகொண்டிருந்தார் என்பது அவனுக்கு உறைத்தது.

வார்த்தை செய்த குற்றம் என்ன?

ஹைட்ரோபோனிக்ஸ் என்பது போதைப்பொருளின் பெயர் இல்லை. மண் இல்லாமல், சத்துகள் கரைந்த தண்ணீரில் செடி வளர்க்கும் முறையின் பெயர். செடி தன் உடம்பைக் கட்டுவது காற்றையும் தண்ணீரையும் வெளிச்சத்தையும் கொண்டுதான். மண்ணிலிருந்து அது எடுத்துக்கொள்வது நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், இரும்பு போன்ற சத்துகளை மட்டும். அவற்றைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாலும் போதும் என்பதை ஜெர்மன் விஞ்ஞானிகள் 1860-களிலேயே செய்து காட்டிவிட்டார்கள். 1930-களில் கலிபோர்னியாவின் வில்லியம் கெரிக் தொட்டித் தண்ணீரில் ஆள் உயரத்துக்கும் மேலே தக்காளிச் செடி வளர்த்து, இந்தப் பெயரைப் பிரபலமாக்கினார். இந்தியாவுக்கும் இது புதிதில்லை. 1946-லேயே டார்ஜிலிங் மாவட்டம் காலிம்போங்கில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர், சாதாரணக் குடும்பங்களும் செய்யும்படி எளிமையான முறை ஒன்றைச் சோதித்துப் பார்த்தார்.

பிறகு ஏன் இந்தக் கெட்ட பெயர்? அறைக்குள் செயற்கை வெளிச்சத்தில் இதே முறையில் கஞ்சாவையும் வளர்க்கிறார்கள். தாய்லாந்து 2022 ஜூனில் கஞ்சாவைப் போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்த பிறகு அங்கே கடைகள் பெருகின. 2025-ல் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று மறுபடி கெடுபிடி வந்தது. இடையில் அந்தச் சரக்கோடு சேர்ந்து இந்த வார்த்தையும் நம் ஊர் செய்திகளுக்குள் வந்துவிட்டது.

இங்கே சட்டம் தெளிவாக இருக்கிறது. 1985-ம் வருடத்தின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாமல் கஞ்சா செடி வளர்த்தால் 10 வருடம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். மண்ணில் வளர்த்தால் என்ன, தண்ணீரில் வளர்த்தால் என்ன, சட்டத்துக்கு இரண்டும் ஒன்றுதான். கீரை வளர்ப்பவருக்கோ அந்தச் சட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லை.

காத்திவாக்கத்தில் ஒருவர் மண் இல்லாமல் கீரை வளர்க்க நினைப்பதிலும் அதிசயம் இல்லை. துணி காயப் போட்டால் கரித்தூள் படியும் ஊர் இது. கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்ப் படலமும் முகத்துவாரத்தில் வந்து சேர்ந்தது. அந்த மாதம் இந்த அம்மாவின் கூடையில் மீன் வாங்க ஆள் இல்லை. "ஆத்தை நம்பாம, மண்ணை நம்பாம ஒரு பொழப்பு வேணும்மா" என்று மகன் அப்போது சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் மறக்கவில்லை.

மீன் பெட்டி தந்த விடை

மறுநாள் காலை அவரே மாடிக்கு ஏறினார். குழாய்த் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார்.

"கொதிக்குதேடா! இதுல மீனே செத்துடும். கீரை எப்டி இருக்கும்?"

அவர் சொன்னது அறிவியல்படியும் சரிதான். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்ஸிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் என்றால், 35 டிகிரியில் 7-க்கும் கீழே போய்விடும். வேர் மூச்சுத் திணறும், அழுகல் நோய் பிடிக்கும். ஷீட் கூரைக்குக் கீழே மெல்லிய குழாயில் ஓடும் தண்ணீர் மத்தியானத்தில் வெந்நீர் ஆகாமல் என்ன செய்யும்?

அன்று காசிமேட்டிலிருந்து வரும்போது மீனோடு நான்கு தெர்மாகோல் பெட்டிகளையும் கொண்டுவந்தார். "ஐஸு ராத்திரி வரைக்கும் கரையாம நிக்குது. தண்ணி நிக்காதா?"

மகன் இன்டர்நெட்டில் தேடினான். ஹவாய் பல்கலைக்கழகத்தின் கிராட்கி என்பவர் பெயரில் ஒரு முறையே இருந்தது. மூடிய பெட்டியில் சத்து நீரை நிரப்பி, மூடியில் ஓட்டை போட்டு, கப்பின் அடி நீரைத் தொடும்படி வைத்துவிட வேண்டும். செடி நீரைக் குடிக்கக் குடிக்க மட்டம் இறங்கும். நடுவில் உண்டாகும் காலி இடத்தில் வேர் காற்று வாங்கும். மோட்டாரும் வேண்டாம், கரன்ட்டும் வேண்டாம்.

பெட்டிகளைப் பலமுறை கழுவிக் காயவைத்தார்கள். மூடியின் இடுக்குகளை டேப் போட்டு அடைத்தார்கள், கொசு முட்டையிடக் கூடாது அல்லவா? வெளிச்சம் புகுந்தால் பாசி பிடிக்கும் என்பதால் உள்ளே கறுப்பு கவர். போர் தண்ணீரில் உப்புக் காட்டும் மீட்டரை வைத்தால் எண் நான்கு இலக்கத்தில் போய் நின்றது. அதனால் கேன் தண்ணீர். ஏ பாட்டில், பி பாட்டில் இரண்டையும் நேரடியாகக் கலக்கக் கூடாது என்பதையும் அவன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒன்றில் கால்சியம், மற்றதில் சல்பேட்டும் பாஸ்பேட்டும். கெட்டியாகச் சேர்த்தால் திரிந்து சுண்ணாம்பு மாதிரி அடியில் தங்கிவிடும். தண்ணீரில் ஒன்றைக் கரைத்த பிறகுதான் அடுத்ததை ஊற்ற வேண்டும். கடைசியில் பி.ஹெச் அளவு 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் நிற்க வேண்டும்.

"பால் திரியிற மாதிரின்னு சொல்லு" என்றார் அம்மா.

லெட்டூஸை அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. "குளிர்ல வளர்றதைக் கொண்டாந்து இங்க வெச்சா எப்டி? பாலக் போடு, புதினா போடு, பசலை போடு." பெட்டிகள் அறையை விட்டு வெளியே வந்தன. மேலே பச்சை நிழல்வலை. ஊதா விளக்கு அட்டைப் பெட்டிக்குள் போனது.

இந்த முறையும் எல்லாம் பிழைக்கவில்லை. ஒரு பெட்டி ஒழுகியது. பாலக்கில் பாதி முளைக்கவே இல்லை. ஆனால், ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனபோது, இரண்டு பெட்டியில் உள்ளங்கை அகலத்துக்கு இலை நின்றது. வேரைத் தூக்கிப் பார்த்தான் மகன். வெள்ளை வெளேரென்று இருந்தது. கரித்தூள் போக மூன்று தண்ணீரில் அலசி, பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்தார் அம்மா. போட்ட பணத்துக்கு அது உலகத்திலேயே விலை கூடிய கீரைக் கடைசலாக இருக்கும். இரண்டு பேரும் ஒரு வாய் மிச்சம் வைக்கவில்லை.

கொசு ஒழிப்புப் பணியாளர் அடுத்த முறை வந்தபோது அவரே மாடிக்குக் கூட்டிப் போனார். அந்தப் பெண் டார்ச் அடித்து, மூடி இடுக்கெல்லாம் பார்த்துவிட்டு, "இதுக்கா உன் புள்ள அன்னிக்கு அப்டி நின்னான்?" என்று சிரித்தார். போகும்போது ஒரு கைப்பிடி புதினா கேட்டு வாங்கிக்கொண்டார். புதுப் பூட்டு இப்போது மீன் கூடைக்கு மேலே, ஆணியில் சும்மா தொங்குகிறது.

அந்த வாரம் புழலுக்குப் போனபோது தம்பி மகன் கேட்டான், "அத்தே, அவன் இன்னா பண்றான்? வேலைக்குப் போறானா?"

"கீரை போட்ருக்கான்டா, மாடில. தண்ணியிலயே வளக்குறான், மண்ணே இல்லாம."

"தண்ணியிலயா? அதுக்கு இன்னா பேரு அத்தே?"

பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற காவலரை ஒருமுறை பார்த்தார்.

"பேரு இன்னாவோ... நீ வெளிய வா. அவனே சொல்லிக் குடுப்பான்."