ஒரு ராத்திரியில் காலியான ஊர்

போர் என்றதும் எந்த முகாம் விழுந்தது, யார் ஜெயித்தார்கள் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். இலங்கைப் போரிலும் அந்தக் கணக்கு நிறையவே உண்டு. 1996 ஜூலையில் முல்லைத்தீவு ராணுவ முகாம் புலிகளிடம் விழுந்தபோது இறந்த சிப்பாய்கள் ஆயிரத்துக்கும் மேல். 2000 ஏப்ரலில் ஆனையிறவு விழுந்தது. 2009 ஜனவரி 2-ல் கிளிநொச்சி ராணுவத்தின் கைக்குப் போனது.

ஆனால் சனங்களின் கணக்கு வேறு. 1990 அக்டோபரில் வடக்கிலிருந்த முஸ்லிம்களைப் புலிகளே விரட்டினார்கள். 1995 அக்டோபர் 30 ராத்திரி, ராணுவம் நெருங்க, புலிகளும் கிளம்பச் சொல்ல, லட்சக்கணக்கானவர்கள் கொட்டும் மழையில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தார்கள். நடக்க முடியாத கிழவர்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள்.

2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் எல்லாம் முடிந்தது. அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள்ளேயே குண்டு விழுந்தது. தப்பி ஓடியவர்களைப் புலிகள் சுட்டார்கள். இரண்டையும் 2011-ல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது. கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றும் சொன்னது.

இதெல்லாம் எங்கோ நடந்த கதை இல்லை நண்பர்களே! முசிறியில் பஸ் ஏறி திருச்சிக்குப் போனால், விமான நிலையம் பக்கத்தில் கொட்டப்பட்டு முகாம். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் உண்டு. படிப்பு இங்கே, பேச்சு இங்கே, குடியுரிமை மட்டும் இல்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையின் பெயர் இல்லை.

போர் முடிந்த தேதி 2009 மே என்று புத்தகத்தில் இருக்கிறது. கொட்டப்பட்டில் அது எப்போது முடியும்?