குழாய் இரண்டு, கண்டென்சர் ஆறு

கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் வேப்பமர உச்சியில் கட்டியிருப்பார்களே, வாய் அகன்ற அலுமினியக் குழாய், அதில் ஒன்று இப்போது எங்கள் வீட்டு ஹாலில் இருக்கிறது. இன்னொன்று பால்கனியில். "நீங்க பேங்க் ஆபீசரா, மைக் செட் கடைக்காரரா?" என்று தங்கமணி கேட்டாகிவிட்டது. பி.காம் படித்துவிட்டு பற்று வரவு பார்க்கிறவனுக்கு ஓம், ஃபாரட் எல்லாம் எதற்கு என்பது நியாயமான கேள்விதான். பதில் கொஞ்சம் நீளம்.

போர்ட் பிளேருக்கு (2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிவிட்டது, வாய்தான் இன்னும் பழகவில்லை) மாற்றலாகி வந்து இது மூன்றாவது வருஷம். ஊரை விட்டு வந்த மாதிரியே இருக்காது. அபர்தீன் பஜாரில் ஐந்து நிமிஷம் நின்றால் மதுரைத் தமிழ், ராமநாதபுரத் தமிழ், நெல்லைத் தமிழ் எல்லாம் காதில் விழும். பங்குனி உத்திரத்துக்கு வெற்றிமலை முருகன் கோயிலுக்குக் காவடி போகும்போது பார்த்தால் இது தீவு என்பதே மறந்துவிடும். அப்படி ஒரு நாள் பழக்கமானவர்தான் மைக் செட் அண்ணாச்சி. சாத்தூர் பக்கம். எழுபதுகளில் கப்பலேறி வந்தவர். பையன்கள் சென்னையில் செட்டில் ஆகிவிட்டார்கள், கடையை மூடப் போகிறேன் என்றார். குழாயை இப்போது யாரும் வாடகைக்குக் கேட்பதில்லை. எல்லோருக்கும் இடுப்பளவு பெட்டி ஸ்பீக்கர்தான் வேண்டும், நெஞ்சு அதிர வேண்டும். போதாக்குறைக்கு 2000-ஆம் வருஷத்து ஒலி மாசு விதிகள் வேறு: இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. மர உச்சியில் குழாய் கட்டி 55 டெசிபலுக்குள் நிற்கச் சொல்வது, யானையைப் பூனை நடை நடக்கச் சொல்வது மாதிரி.

காயலான் கடைக்குக் கிலோ கணக்கில் போக இருந்த இரண்டு குழாயையும் அவற்றின் யூனிட்டுகளோடு வாங்கி வந்தேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. பழைய சாமான் மேல் ஒரு பலவீனம், அவ்வளவுதான்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியவர். அம்மா போன பிறகு, தனியாக இருக்க வேண்டாம் என்று இங்கே கூட்டி வந்தோம். வயது 78. காது மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. பரிசோதனை செய்த கிராஃபைப் பார்த்தால் 1000 ஹெர்ட்ஸ் வரை பரவாயில்லை, 2000-க்கு மேல் பள்ளத்தில் விழுகிற ரோடு மாதிரி சரிகிறது. வயதானவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் என்றார் டாக்டர். உயிரெழுத்துகளின் சக்தியெல்லாம் கீழ் அதிர்வுகளில் இருக்கிறது, அது கேட்கும். க, ச, த, ப என்று வார்த்தையை வார்த்தையாக்குகிற ஒலிகளின் அடையாளம் மேலே இருக்கிறது, அது கேட்காது. "கால் வலிக்குதா மாமா?" என்று தங்கமணி கேட்டால், "பால் வேண்டாம்மா" என்பார். நாங்கள் சிரிப்போம். அவர் சிரிக்க மாட்டார்.

காது மெஷின் வாங்கினோம். பேச்சுக்கு உதவியது. பாட்டுக்குப் போட்டால், "நாயனம் தகரத்தை ராவுத மாதிரி இருக்குலே" என்று கழற்றி டிராயரில் போட்டுவிட்டார். விசாரித்ததில் அது அவர் பிடிவாதம் மட்டும் இல்லை என்று தெரிந்தது. மெஷின் தானாக விசிலடிக்காமல் இருக்க உள்ளே ஒரு ஏற்பாடு உண்டு. நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையை அது தன் விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். (பாட்டுக்கென்று தனி செட்டிங் போட்டுத் தரச் சொல்லி ஆடியாலஜிஸ்ட்டிடம் கேட்கலாம். உங்கள் வீட்டிலும் யாராவது மெஷினை டிராயரில் போட்டிருந்தால் இதை முதலில் செய்யுங்கள். நாங்களும் செய்தோம், பாதி சரியானது.) டிவியைச் சத்தமாக வைத்தால் மாடி வீட்டுக்காரர் இறங்கி வருவார். கடைசியில் டிவியும் வேண்டாம், பாட்டும் வேண்டாம் என்று பால்கனியில் உட்கார்ந்து துறைமுகத்துக்கு வருகிற கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊருக்கே போயிடுதேன், டிக்கெட் போடு" என்பது மாசத்துக்கு ஒரு தரம் என்று இருந்து வாரத்துக்கு ஒரு தரம் ஆனது. அந்த வீட்டில் தனியாக, கதவைத் தட்டினால்கூடக் கேட்காத மனிதர். எப்படி டிக்கெட் போடுவது?

குழாய் வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்ன ஆம்ப்ளிஃபயரில் மாட்டி, கொஞ்சும் சலங்கை (1962) பாட்டைப் போட்டேன். ஜானகி குரலும் நாயனமும் மாறி மாறி வருமே, அதுதான். உள்ளே படுத்திருந்த அப்பா எழுந்து வந்தார். "காருகுறிச்சியார்லா இது?" என்றார். மெஷின் டிராயரில்தான் இருந்தது. காருகுறிச்சி அருணாசலம் 1964-இல் காலமானபோது அப்பாவுக்குப் பதினேழு வயது. அந்த வாசிப்பைக் கோயில் வாசலில் உட்கார்ந்து கேட்ட தலைமுறை. குழாயில் கேட்டு வளர்ந்த தலைமுறையும் அதுதான்.

இதில் மாயமந்திரம் ஒன்றும் இல்லை. விரலைக் காற்றில் ஆட்டினால் காற்று வராது, விசிறியை ஆட்டினால் வரும். சாதாரண ஸ்பீக்கர் கோன் கிட்டத்தட்ட விரல் கேஸ். கொடுத்த மின்சாரத்தில் நூற்றுக்கு ஒரு பங்குகூடச் சத்தமாக மாறாது, மீதி சூடாகப் போகும். குழாயில் சின்ன டயாப்ரம் குறுகிய தொண்டையில் காற்றை அழுத்துகிறது. அந்த அழுத்தம் விரிந்து விரிந்து வாய்க்கு வரும்போது வெளிக்காற்றோடு சண்டையில்லாமல் சேர்ந்துகொள்கிறது. நாயனத்தில் சீவாளியில் தொடங்கி கீழே அணைசில் விரிகிறதே, அதே சித்தாந்தம்தான். 1915-இல் கலிபோர்னியாவில் ஜென்சன், பிரிதம் என்ற இருவர் பழைய கிராமபோன் குழாயைத் தங்கள் கருவியில் மாட்டி ஊரையே கேட்க வைத்ததும், 1926-இல் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் தன் 555 யூனிட்டோடு தியேட்டருக்குள் நுழைந்ததும் இதை வைத்துத்தான். நம் முதல் தமிழ்ப் பேசும் படம் காளிதாஸ் 1931-இல் வந்தபோது ஆம்ப்ளிஃபயர்களுக்குச் சில வாட்தான் சக்தி. குழாய் இல்லாமல் அது பின் வரிசையை எட்டியிருக்காது.

கணக்குப் பிரியர்களுக்கு: வீட்டு ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் 87 டெசிபல் தரும் என்றால், மைக் செட் குழாய் 107 தரும். வித்தியாசம் 20 டெசிபல், அதாவது நூறு மடங்கு சக்தி. இந்த வட்டியை எந்த பேங்கும் தராது :-) அதுவும் 1000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை, அப்பாவின் காது எங்கே சரிகிறதோ அங்கேதான் குழாய்க்கு வலு அதிகம். இன்னொன்று, டார்ச் லைட் மாதிரி நேராக அடிக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி கலக்காமல் சத்தம் ஈசிசேருக்கு நேரே போகும். மாடி வீட்டுக்குக் கொஞ்சம்தான் போகும்.

சரி, குறை? பாஸ் கிடையாது. குழாயின் வாய் 40 சென்டிமீட்டர்; சுற்றளவு 1.26 மீட்டர். அந்த அளவு அலைநீளம் உள்ள ஒலி சுமார் 270 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே குழாய் கை விரித்துவிடும். தவிலில் வலந்தலை கேட்கும், தொப்பி கேட்காது. கீழே போகப் போக டயாப்ரத்துக்குக் காற்றின் எதிர்ப்பே இல்லாமல் கண்டபடி ஆடிக் கிழியவும் செய்யும். "பாஸ் ஏத்துனா யூனிட் போயிரும் சார்" என்று அண்ணாச்சி சொன்னதன் காரணம் இது. அவர் ஆம்ப்ளிஃபயரில் அந்தத் திருகு பல வருஷமாக அசையாமல் துருப்பிடித்திருந்தது.

வேலை யூனிட்டில் தொடங்கியது. மல்டிமீட்டரில் ஒன்று 12 ஓம் காட்டியது (16 ஓம் யூனிட்டுக்கு அது சரி), இன்னொன்று ஒன்றும் காட்டவில்லை, காயில் அறுந்திருக்கிறது. அதனால்தான் அது பால்கனியில். உயிரோடு இருந்ததைத் திறந்தால் காந்த இடைவெளி முழுக்கச் சிவப்புத் துரு. உப்புக் காற்று இந்த ஊரில் எதையும் விடாது. ஜன்னல் கொக்கியையே தின்றுவிடும். கெட்டி அட்டைத் துண்டில் மாஸ்கிங் டேப்பை ஒட்டும் பக்கம் வெளியே வரச் சுற்றி, அந்த இடைவெளிக்குள் விட்டு விட்டு எடுத்தேன். டேப் சுத்தமாக வெளியே வரும்வரை விடக் கூடாது. இரண்டு சாயங்காலம் ஆனது. ஒரு எச்சரிக்கை: உங்களிடம் இருப்பது மிகப் பழைய அல்நிகோ காந்தம் என்றால், காந்தத்தை அதன் இரும்புச் சட்டத்திலிருந்து பிரிக்காதீர்கள். பிரித்தால் பலம் இறங்கிவிடும், திரும்பச் சேர்த்தாலும் வராது. என்னுடையது ஃபெரைட், ஆனாலும் நான் காந்தத்தைத் தொடவில்லை.

அடுத்து, 100 வோல்ட் லைன் டிரான்ஸ்ஃபார்மர். தெருக்கோடி வரை ஒயர் இழுக்க அது வேண்டும், ஹாலில் எதற்கு? கழற்றிப் பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பழைய சாமானில் எதைச் செய்தாலும் திரும்பப் பழையபடி ஆக்க முடிகிற மாதிரி செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. துளை போடுவது, அறுப்பது எல்லாம் கிடையாது.

அப்புறம் மணிச் சத்தம். அலுமினிய வாயைச் சுண்டினால் "டங்ங்" என்று நீளும். பாட்டிலும் அது கலந்து கேட்கும். கார் கதவுக்குள் ஒட்டும் பிட்டுமென் ஷீட்டை வெட்டி வெளிப்பக்கம் ஒட்டி, மேலே பருத்திக் கயிறு சுற்றினேன். இப்போது சுண்டினால் "டொக்". மொத்த வேலையிலும் செலவு குறைந்ததும் பலன் கூடியதும் இதுதான்.

பாஸுக்குப் பிளைவுட் பெட்டியில் ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். இரண்டுக்கும் நடுவே எல்லை பிரிக்க வேண்டும். குழாயின் 270 ஹெர்ட்ஸ் எல்லையைப் போல் இரண்டு மடங்குக்கு மேலே பிரிப்பது நல்லது என்பார்கள். 16 ஓம் யூனிட்டுக்கு 15 மைக்ரோஃபாரட் போட்டால் 660 ஹெர்ட்ஸ் வரும். நல்ல பாலிபுரோபிலின் கண்டென்சர் சென்னையிலிருந்து கப்பலில் வர வேண்டும். யோசித்தால் சீலிங் ஃபேன் கண்டென்சரும் பாலிபுரோபிலின்தான், ஒன்று 2.5 மைக்ரோஃபாரட். அபர்தீன் பஜார் எலக்ட்ரிகல் கடையில் புதிதாக ஆறு வாங்கிப் பக்க இணைப்பில் போட்டேன். ஆறு இரண்டரை பதினைந்து. கடைக்காரர், "வீட்ல ஆறு ஃபேனும் ஒரே நாள்ல போச்சா?" என்று பரிதாபப்பட்டார். பெட்டி ஸ்பீக்கருக்கு 2 மில்லிஹென்றி காயில்.

குழாயின் சத்தம் பெட்டியைவிட 12 டெசிபல் கூடுதல். தொடரில் 12 ஓம், குறுக்கே 5.6 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டர் போட்டுக் குறைத்தேன். எனக்குத் திவ்யமாக இருந்தது. தொப்பி கேட்டது, தம்புரா கேட்டது. அப்பா உதட்டைப் பிதுக்கினார். அவருக்கு அந்த 12 டெசிபல்தான் உயிர். ஆகவே ரெசிஸ்டர்களை விலக்கவும் சேர்க்கவும் ஒரு சுவிட்ச். மேலே தள்ளினால் அப்பா, கீழே தள்ளினால் நான். ஆடியோ பண்டிதர்கள் பார்த்தால் அடிக்க வருவார்கள். வரட்டும், கப்பலில் மூன்று நாள் ஆகும்.

இதில் ஒன்றை மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காது கேட்கவில்லை என்று சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் மிச்சம் இருப்பதும் போகும். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் எல்லை என்பார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். மொபைலில் அளக்கும் செயலியை ஈசிசேரில் வைத்துப் பார்த்து, 75-ஐத் தாண்டாமல் ஆம்ப்ளிஃபயர் திருகில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்திருக்கிறோம். குழாயில் அந்த அளவே அவருக்குப் போதுகிறது.

காலையில் செய்தி, சாயங்காலம் நாயனம். இடையில் தங்கமணி மொபைலில் மைக்கை இணைத்து, "மாமா, காப்பி ரெடி" என்று குழாயிலேயே அறிவிக்கிறாள். இது அதிகப்படி என்று சொல்லிப் பார்த்தேன், இரண்டு பேரும் கேட்கவில்லை.

டிக்கெட் பேச்சு நின்றுவிட்டதா என்றால், இல்லை. "பங்குனி உத்திரம் முடியட்டும், பாப்போம்" என்கிறார். எனக்கும் மாற்றல் ஆர்டர் எப்போது வேண்டுமானாலும் வரலாம். அறுந்துபோன இரண்டாவது யூனிட்டுக்கு டயாப்ரம் சென்னை ரிச்சி தெருவில் சொல்லி வைத்திருக்கிறேன். இடது காதுக்கு நேரே அதை வைக்க வேண்டுமாம், இடம்கூடக் காட்டிவிட்டார்.