பெயரைத் தேடிய கண்

பழைய அச்சுப்படங்களைப் பற்றி எழுதுகிறவன் நான். ஆனால் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அடியில் என்ன பெயர் என்றுதான் தேடுவேன். பெரிய பெயரென்றால் கண் நிற்கும். இல்லையென்றால் பக்கம் புரண்டுவிடும். இந்தப் புத்தியால் நான் அதிகம் அநியாயம் செய்தது சான்-மெமானின் படங்களுக்கு.

பிரெஞ்சுப் புரட்சியில் நாடிழந்து 1793இல் நியூயார்க் வந்த பிரபுக் குடும்பத்துப் பிள்ளை அவர். பிழைப்புக்காகச் செப்புத்தகட்டு வேலையைக் கற்றுக்கொண்டார். ஆளைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, ஃபிசியோனோட்ரேஸ் என்ற கருவியால் முகத்தின் வெளிக்கோட்டை அசல் அளவிலேயே தாளில் எடுப்பார். கருவி தருவது அந்தக் கோடு மட்டும்தான். கண், காது, முடி, கழுத்துத்துணியின் மடிப்பு எல்லாம் சாக்கட்டியால் செய்த கைவேலை. பிறகு பென்டோகிராஃப் என்ற வரைகருவியால் சுருக்கி, சுமார் இரண்டேகால் அங்குல வட்டமாகத் தகட்டில் ஏற்றுவார். கோடுகளை அமிலம் அரிக்கும். நிழலுக்குப் பல் வைத்த சிறு சக்கரத்தை உருட்டுவார். உருப்பெருக்கியில் பாருங்கள், நிழல் விழும் இடத்தில் புள்ளிகள் நெருங்கும், வெளிச்சத்தை நோக்கிப் போகப்போக விலகும். மெஸோடின்ட் என்ற நிழல் அச்சுமுறைப் படங்களின் மென்மை அந்தச் சின்ன வட்டத்துக்குள் வந்துவிடும்.

ஆணுக்கு 25 டாலர், பெண்ணுக்கு 35. சாக்கட்டி ஓவியம், தகடு, 12 அச்சுகள் எல்லாம் அதில் அடக்கம். 1798இல் ஜார்ஜ் வாஷிங்டன் உட்கார்ந்தார், 1804இல் அதிபர் ஜெஃபர்சன். ஊர் பேர் மறந்துபோன வியாபாரிக்கும் அவர்களுக்குக் கிடைத்த அதே வட்டம்தான். 800க்கும் மேற்பட்ட முகங்களை அவர் இப்படி எடுத்தார். பேதம் பார்த்தவன் நான்தான். பெயர் தொலைந்த ஒரு பெண்ணின் காதோரத்து முடிச்சுருளில் எத்தனை உழைப்பு இருக்கிறது என்று நின்று பார்க்க எனக்குப் பொறுமை இருந்ததில்லை.

இதைவிட மோசமானது ஒன்று. 1804இல் ஓசேஜ் என்ற அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் தூதுக்குழு ஜெஃபர்சனைச் சந்திக்க வாஷிங்டன் நகருக்கு வந்தது. அவர்களையும் சான்-மெமான் வரைந்தார். சிலர் பெயர் பதிவாகவே இல்லை. என் கட்டுரையில் ஜெஃபர்சனின் மூக்குக்கும் நெற்றிக்கும் ஒரு முழுப் பத்தி கொடுத்தேன். மழித்த தலையும் காதணிகளுமாக நிமிர்ந்திருந்த அந்த மனிதர்களுக்குக் கொடுத்தது ஒரே வரி. பக்கத்தில் இடமில்லை என்று ஆசிரியரிடம் காரணம் சொன்னேன். இடம் இருந்தது. அந்த முகங்களை நான் பார்த்திருக்கவே இல்லை.