நடக்காமல் பிடித்த நாரை

என் வலது முழங்காலில் ஒரு ப்ளேட்டும் நாலு ஸ்க்ரூவும் இருக்கின்றன. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில், தண்ணீருக்கு அடியில் ஒளிந்திருந்த பள்ளத்தை ஸ்கூட்டரோடு போய் நேரில் விசாரித்ததில் கிடைத்த பரிசு.

"நடக்கலாம். ஆனா ஒரே மூச்சுல அரை கிலோமீட்டருக்கு மேல வேணாம். குத்துக்காலிட்டு உட்காரவே கூடாது. அஞ்சு கிலோவுக்கு மேல தூக்காதீங்க" என்றார் ஆபரேஷன் செய்த டாக்டர்.

"சார், நான் பறவைகளைப் போட்டோ எடுக்கிறவன்..."

"பறவைதானே? அது பறக்கும். நீங்க எதுக்கு நடக்கணும்?"

ஜோக் அடித்துவிட்டு பில்லை நீட்டினார். பில் ஜோக்காக இல்லை.

நான் படித்தது பி.காம். எதையும் வரவு செலவாகப் பார்த்தால்தான் மனசு சமாதானமாகும். ஒரு நாளைக்கு என் முதலீடு சுமார் இரண்டாயிரம் காலடிகள். பால் பாக்கெட், பஸ் ஸ்டாப், மாடிப்படி என்று செலவு போக, ஞாயிற்றுக்கிழமை பறவைகளுக்கென்று மிஞ்சுவது எண்ணூறு. சுமையைப் பார்த்தால், 150-600 லென்ஸ் மட்டுமே இரண்டு கிலோ. காமிரா, இன்னொரு லென்ஸ், ட்ரைபாட், பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் சேர்த்தால் ஒன்பது. டாக்டர் அனுமதித்தது ஐந்து. டெபிட்டும் கிரெடிட்டும் எந்த ஜென்மத்திலும் டேலி ஆகாது.

ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு உபகரணமாக வாங்கினேன். முதலில் சக்கரம் வைத்த ட்ராலி பை. அதை இழுத்துக்கொண்டு வேடந்தாங்கல் ஏரிக்கரையில் போனேன். ஏர்போர்ட் தரைக்காகப் பிறந்த சக்கரம் அது. கரையில் அது போட்ட தடதட சத்தத்தில் பக்கத்து மரத்திலிருந்த கொக்குகள் எல்லாம் கிளம்பிவிட்டன. கூடவே ஒரு குடும்பமும்.

அடுத்தது ஒற்றைக்கால் மோனோபாட். காமிராவுக்குத் தாங்கல், எனக்குக் கைத்தடி. ஒரே செலவில் இரண்டு வேலை என்று கணக்குப் போட்டேன். அதன் பூட்டுகள் காமிரா எடைக்காகச் செய்யப்பட்டவை, எழுபத்துநாலு கிலோ ஆசாமிக்காக அல்ல என்பது, முழு பாரத்தையும் போட்டபோது அது சர்ரென்று உள்ளே இறங்கியதில் தெரிந்தது. கைத்தடி என்றால் கைத்தடியே வாங்குங்கள். சில கைத்தடிகளில் பிடிக்கு மேல் காமிரா மாட்ட ஒரு ஸ்க்ரூ வருகிறது. சின்ன காமிராவுக்குச் சரி, பீரங்கிக்கு ஆகாது.

பிறகு மடக்கு ஸ்டூல். கடைக்காரர் காட்டிய முக்காலி ஒரு அடி உயரம்தான். உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க இரண்டு பேர் வந்தார்கள். முழங்கால் போனவனுக்கு ஸ்டூல் சாப்பாட்டு நாற்காலி உயரமாவது இருக்க வேண்டும், அதாவது ஒன்றரை அடி. சேற்றில் கால்கள் புதையாமலிருக்க அடியில் போட ஒரு ப்ளைவுட் துண்டு. இதை எந்த விளம்பரத்திலும் சொல்ல மாட்டார்கள்.

கடைசியில் அலுத்துப்போய், லென்ஸை விற்க ஒருவரிடம் விலை பேசி முடித்தேன். தை மாசக் கடைசியில் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அதற்குள் ஒரே ஒரு பயணம், அத்தோடு கடையைக் கட்டிவிடலாம் என்று மச்சினனைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன். எங்கே? பரத்பூருக்கு.

ராஜஸ்தான் என்றதும் மணல், ஒட்டகம் என்று நினைப்பீர்கள். மதுராவில் இறங்கி டாக்ஸியில் ஒரு மணி நேரம் போனால் பரத்பூர். ஊரை ஒட்டியே கேவலாதேவ் தேசியப் பூங்கா. 29 சதுர கிலோமீட்டர் காடும் சதுப்பும். மகாராஜாக்கள் வாத்து வேட்டைக்காகக் கரை கட்டி, தண்ணீர் தேக்கி வைத்த இடம். 1985-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. உள்ளே கேவலாதேவ் கோயில் பக்கத்தில் கல்வெட்டு இருக்கிறது. எந்தத் துரை எந்தத் தேதியில் எத்தனை சுட்டார் என்ற கணக்கு. 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ கோஷ்டி ஒரே நாளில் 4,273! ஆடிட்டர் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

என்னை இழுத்தது கல்வெட்டு அல்ல, ரிக்‌ஷா. பூங்கா தட்டையான பூமி. நடுவே ஒரு நேரான தார் ரோடு, இரண்டு பக்கமும் தண்ணீர். கொஞ்ச தூரத்துக்கு மேல் வெளி வண்டிகளை விடுவதில்லை. கால்நடை, வாடகை சைக்கிள், இல்லாவிட்டால் ரிக்‌ஷா. ரிக்‌ஷாக்காரர்கள் பறவை அடையாளம் சொல்லப் பயிற்சி பெற்றவர்கள். நிறையப் பேர் சீக்கியர்கள். இப்போது பேட்டரி ரிக்‌ஷாவும் வந்துவிட்டது. நான் மிதிக்கிற ரிக்‌ஷாவைத் தேர்ந்தெடுத்தேன். நாலு பக்கமும் திறந்திருந்தால்தானே நீண்ட லென்ஸைத் திருப்ப முடியும்?

வாசலில் காலை ஆறரை மணி, ஜனவரிப் பனி. எதிரே நிற்பவர் மனிதரா மரமா என்று தெரியவில்லை. மரம் பேசியது. "ஆயியே சாப்." அறுபது வயசு சர்தார்ஜி. தலைப்பாகைக்கு மேல் ஒரு மஃப்ளர்.

எனக்குக் கூச்சமாக இருந்தது. அறுபது வயசுக்காரர் மிதிக்க, முப்பத்தாறு வயசுக்காரன் மகாராஜா மாதிரி உட்காருவதா? மச்சினன் அதற்கும் மேல். "மாமா, நான் தொண்ணூறு கிலோ. எனக்குப் பாவம் வேண்டாம்" என்று வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டான். அந்த சைக்கிளின் பாவத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சர்தார்ஜி என் கைத்தடியைப் பார்த்தார், காலைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ரிக்‌ஷாவைத் தள்ளிக்கொண்டுபோய் ஒரு மேட்டை ஒட்டி நிறுத்தினார். ஏறும் உயரம் பாதியாகிவிட்டது. இந்த ஒரு காரியத்தை என் மூன்று வருஷத்தில் எந்த ஆட்டோவும் பஸ்ஸும் செய்ததில்லை.

கிளம்பும் முன் ஒரு வேலை இருந்தது. ட்ரைபாடுக்குப் பதில் நான் கொண்டுபோனது ஒரு வெற்றுத் துணிப்பை. வெறும் பையாக இருந்தால் எடையே இல்லை. போன இடத்தில் தானியம் வாங்கி ரொப்பி, கைப்பிடி மேல் வைத்து, அதன்மேல் லென்ஸைச் சாய்த்தால் ஆடாது அசையாது. முதல் நாள் சாயங்காலமே பரத்பூர் கடையில் மூன்று கிலோ கம்பு வாங்கியிருந்தேன். மச்சினன் இந்தியில் பேரம் பேசினான். அவன் பேசியது இந்தி என்று கடைக்காரருக்குப் புரிவதற்குள் நான் காசு கொடுத்துவிட்டேன். இப்போது அந்தக் கம்பு மூட்டையைப் பார்த்துவிட்டு சர்தார்ஜி முதல் முறையாகச் சிரித்தார்.

பனி விலகிய பிறகுதான் விஷயம் புரிந்தது. ரோட்டிலிருந்து பதினைந்து அடியில் மஞ்சள்மூக்கு நாரைகள் வரிசையாக நின்றன. வேடந்தாங்கலில் இதே நாரைக்கு நான் தவம் கிடந்திருக்கிறேன். ரிக்‌ஷா பக்கத்தில் போய் நின்றது. நாரைகள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அப்போது எங்களைத் தாண்டி ஒரு வாலிபர், முதுகில் பெரிய பையோடு, காலுக்குப் பூட்ஸோடு, கரையிலிருந்து இறங்கி நாரைகளை நோக்கி நடந்தார். நாலே எட்டுதான். மொத்தமும் பறந்துவிட்டது.

"ரிக்‌ஷா சே நஹி டர்தே. ஆத்மி சே டர்தே ஹைன்" என்றார் சர்தார்ஜி. ரிக்‌ஷாவுக்குப் பயப்படாது, மனுஷனுக்குத்தான் பயப்படும் என்று அர்த்தம். தினமும் பார்க்கிற சக்கரத்தைப் பறவைகள் எருமை மாதிரி ஏதோ ஒரு பிராணியாக எடுத்துக்கொள்கின்றன போலும். இரண்டு காலில் எவன் நடந்து வருகிறானோ அவன்தான் வில்லன்.

பிறகு சர்தார்ஜி வித்தையை ஒவ்வொன்றாகக் காட்டினார். சூரியன் எனக்கு முதுகுப்பக்கம் வருகிற மாதிரிதான் வண்டியை நிறுத்துவார். ஃபிலிம் ரோல் காலத்திலிருந்தே வெள்ளைக்காரர்களின் லென்ஸுகளைச் சுமந்த அனுபவமாம். படம் எடுக்கும்போது அவர் ஸீட்டில் இருந்தால் மூச்சு விட்டால்கூட வண்டி ஆடும். அதனால் இறங்கி, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொள்வார். ஒரு முள்மரத்தைக் காட்டி "ஆவ்ல்" என்றார். எனக்குக் கிளைதான் தெரிந்தது. இரண்டு நிமிஷம் கழித்து அந்தக் கிளை கண்ணைத் திறந்தது.

ஒரு வெற்றுச் சதுப்பருகே தானாகவே நிறுத்தினார். சைபீரியக் கொக்குகள் இறங்கும் இடமாம். 2002-க்குப் பிறகு அவை வரவில்லை. அதை அவர் என்னிடம் சொன்னதுபோல இல்லை. நான் காமிராவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

பத்து மணிக்கு தார் ரோடு முடிந்து மண் பாதை. அங்கிருந்து அறுபது எழுபது அடி தள்ளி ஒரு ஜோடி சாரஸ் கொக்கு. ஆள் உயரம், சிவப்புத் தலை. கிட்டத்தில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. ரிக்‌ஷா அதற்கு மேல் போகாது. குறுக்கே புதர் வேறு.

நான் இறங்கினேன். அன்றைய எண்ணூறில் நாற்பதுகூடச் செலவாகவில்லை. கையிருப்பு தாராளம்! சர்தார்ஜி ஸ்டூலையும் ப்ளைவுட்டையும் எடுத்துக்கொண்டார். மச்சினன் கம்பு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டான். ஊர்வலம் மாதிரி போனோம். பாதி வழியில் கால் இடறியது. சர்தார்ஜி கையை நீட்டினார். மூன்று வருஷமாக யார் கை கொடுத்தாலும் "பரவாயில்ல, நானே வரேன்" என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். அன்றைக்கு அதை இந்தியில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பிடித்துக்கொண்டேன்.

ஸ்டூல் போட்டு, மடியில் மூட்டை வைத்து, அதன்மேல் லென்ஸ். அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அசைய முடிந்தால்தானே! சாரஸ் ஜோடி எங்களை மறந்துவிட்டு மேய்ந்தது. பிறகு ஒன்று கழுத்தை வானத்துக்கு நிமிர்த்திக் கூப்பிட்டது. மற்றது பதில் சொன்னது. எடுத்ததில் நாலு படம் தேறும். ஒன்றில் இரண்டு அலகும் திறந்திருக்கிறது.

மச்சினன் காமிரா திரையைப் பார்த்துவிட்டு, "மாமா, இது நீங்க எடுத்ததா?" என்றான். பாராட்டுத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

வாசலில் கணக்கை முடித்தோம். மணிக் கட்டணத்துக்கு மேல் கொஞ்சம் கொடுத்தேன். கம்பையும் ஒரு பேப்பர் பையில் கொட்டி நீட்டினேன். சர்தார்ஜி ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்து, இதற்கு என்ன விலை கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். மச்சினனை ஏற இறங்கப் பார்த்தார்.

மதுரா ஸ்டேஷனில் பனியால் ரயில் ஐந்து மணி நேரம் லேட். போன் அடித்தது. லென்ஸ் வாங்க இருந்தவர்.

"சார், சனிக்கிழமை வரலாமா?"

"வாங்க சார். ஆனா லென்ஸ் இல்ல. ட்ராலி பை ஒண்ணு இருக்கு, தரட்டுமா? சக்கரம் ஒண்ணுதான் லேசா ஆடும்..."