ஆவிக்கு என்ன அளவுகோல்?

கையில் எடுத்தால் கால் கிலோ கனக்கிறது. ஒரு பக்கத்தில் சிறிய வண்ணத் திரை. அதன் கீழே வாட் அளவைக் கூட்டவும் குறைக்கவும் இரண்டு பொத்தான்கள். கட்டைவிரலுக்கு வாகாக இன்னொரு பெரிய பொத்தான். மூடியைத் திறந்தால் உள்ளே டார்ச் லைட் செல்களைப் போல இரண்டு பேட்டரிகள் அக்கம்பக்கமாகப் படுத்திருக்கின்றன. தலைப்பாகத்தில் ஒரு கண்ணாடி டாங்க், அதற்குள் பழ வாசனையுடன் நிகோடின் திரவம். பத்தாண்டுகளுக்கு முன் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிகரெட்டை விட நினைத்த பலர் சுமந்து திரிந்த கருவி இது. 'பாக்ஸ் மாட்' என்று பெயர். பெரும்பாலானவை சீனாவின் ஷென்ஷென் நகரத் தொழிற்சாலைகளில் பிறந்தவை.

இப்படி ஒரு கருவிக்கு மார்க் போடுவது எப்படி? விற்பவர்களும் ரசிகர்களும் வழக்கமாகப் பார்ப்பது வாட், வண்ணம், கையில் பிடிக்கும் சுகம், சுவை, ஊதும்போது எழும் ஆவி மேகத்தின் பருமன். ஆனால், மான்செஸ்டரில் ஒரு கடைக்குள் நுழையும் நடுத்தர வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 20 வருடங்களாக நாளுக்கு ஒரு பாக்கெட் சிகரெட். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நிகோடின் சூயிங் கம்மை மென்று பார்த்தாயிற்று, தோலில் ஒட்டும் பட்டையையும் ஒட்டிப் பார்த்தாயிற்று. மேகத்தின் பருமன் அவருக்கு எதற்கு? இந்தப் பெட்டி தன்னைச் சிகரெட்டிலிருந்து மீட்குமா என்பதுதான் அவர் கேள்வி. அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கருவியைப் பிரித்துப் பார்த்தால் மார்க் பட்டியலே மாறிவிடுகிறது.

முதலில் பேட்டரி. இந்த ரகக் கருவிகள் பெரும்பாலானவற்றில் இருப்பது 18650 என்ற லித்தியம் அயான் செல். பெயரிலேயே அளவு இருக்கிறது: குறுக்களவு 18 மில்லிமீட்டர், நீளம் 65 மில்லிமீட்டர். லேப்டாப் கம்ப்யூட்டர்களிலும் டெஸ்லாவின் ஆரம்பகால மின்சாரக் கார்களிலும் இருந்தது இதே வகைதான். 3,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட இரண்டு செல்களில் சுமார் 21 வாட்-மணி மின்சாரம் அடங்கும். கருவியை 60 வாட்டில் வைத்து, ஒரு முறைக்கு மூன்று விநாடி வீதம் இழுத்தால், கணக்குப்படி 400 இழுப்புக்கு மேல் வர வேண்டும். சூடாகி வீணாவதைக் கழித்தால் 350 தேறும். ஒற்றை பேட்டரியில் இதில் பாதிதான். மாலையில் பேட்டரி தீர்ந்துபோய், பக்கத்துக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கிவிடலாமா என்ற சபலம் தட்டுகிற நேரத்தில் இரண்டாவது பேட்டரி கைகொடுக்கும். அந்த அளவில் அதற்கு நியாயம் உண்டு.

அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் '200 வாட்' வேறு சமாசாரம். அதை இரு செல்களும் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றின் பங்கு 100 வாட். சார்ஜ் தீரும் கட்டத்தில் செல்லின் மின்னழுத்தம் 3.2 வோல்ட்டுக்கு இறங்கியிருக்கும். அப்போது ஒவ்வொரு செல்லும் 31 ஆம்பியர் மின்னோட்டம் தந்தாக வேண்டும். நல்ல 18650 செல்கள் இடைவிடாமல் தாங்கக்கூடியதே 20 முதல் 30 ஆம்பியர் வரைதான். கார் ஸ்பீடாமீட்டரில் 220 கிலோமீட்டர் என்று எழுதியிருப்பதைப் போன்றது இது. எழுதியிருக்கிறதே என்று யாரும் ஓட்டிப் பார்ப்பதில்லை.

இரண்டு பேட்டரி என்றால் பொறுப்பும் இரண்டு மடங்கு. இவை பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரில் இணைக்கப்பட்டிருப்பவை. ஒரு செல் தளர்ந்தாலும் அதன் சுமை குறைவதில்லை. தளர்ந்த செல் அளவுக்கு மீறி வற்றும், சூடேறும். வண்டியில் ஒரு பக்கம் காங்கேயம் காளையையும் மறுபக்கம் இளங்கன்றையும் பூட்டிய கதைதான். ஆகவே ஒரே கம்பெனியின் ஒரே ரக செல்களைச் சேர்த்து வாங்கி, சேர்த்தே சார்ஜ் செய்து, சேர்த்தே கழித்துக்கட்ட வேண்டும்.

செல்லின் மேல் சுற்றியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையும் அலங்காரத்துக்கு வைத்ததில்லை. செல்லின் உலோக உடம்பு முழுவதும் எதிர்முனை. உச்சியில் இருக்கும் நேர்முனையை அதிலிருந்து பிரித்து வைத்திருப்பவை ஒரு சிறு வளையமும் இந்த உறையும்தான். உறை கிழிந்தால் செல்லைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். உபரி செல்லைச் சாவிக்கொத்தோடும் சில்லறையோடும் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடப்பது தொடையில் நெருப்பைக் கட்டிக்கொண்டு போவதற்குச் சமம். அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017-ல் வெளியிட்ட அறிக்கை, 2009 முதல் 2016 வரை செய்திகளில் வந்த 195 தீ, வெடி விபத்துகளைத் தொகுத்தது. 133 பேர் காயமடைந்திருந்தார்கள். 2018-ல் புளோரிடாவில் ஒருவரும் 2019-ல் டெக்சாஸில் ஒருவரும் கருவி வெடித்து இறந்தார்கள். லட்சக்கணக்கானோர் கையாளும் பொருளில் இது சிறு எண்ணிக்கைதான். ஆனாலும், விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டிகளில் இவற்றை வைக்கக் கூடாது என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2015-லேயே தடை போட்டது. செல்களைப் போட்டு வைக்க ஒரு பிளாஸ்டிக் டப்பா சொற்ப விலைக்குக் கிடைக்கும். அதைச் சேர்த்துத் தராத கடைக்காரருக்கு மார்க்கைக் குறைக்கலாம்.

அடுத்து டாங்க். ஒரு கண்ணாடி உருளை, கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள், நடுவில் ஒரு கம்பிச்சுருள், சுருளை ஒட்டிப் பஞ்சு. பஞ்சு திரவத்தை உறிஞ்சும், சுருள் சூடாகும், திரவம் ஆவியாகும். புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைப் பொருள், நிகோடின் ஆகியவற்றின் கலவை அந்தத் திரவம். அகல்விளக்குத் திரியின் தத்துவம்தான் இங்கும். எண்ணெய் வற்றினால் திரி கருகுவதைப் போலவே, பஞ்சு காய்ந்தால் கருகும். புதுச் சுருளை மாட்டியவர் திரவத்தை ஊற்றிவிட்டு, பஞ்சு நனையச் சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும். பொறுக்காதவரின் தொண்டையில் முதல் இழுப்பே காந்தும்.

இந்தக் கருகல் ஒரு விஞ்ஞானச் சண்டையையே கிளப்பியது. 2015 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின் இதழில் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எழுதிய கடிதம் ஒன்று வெளியாயிற்று. டாங்க் கருவியொன்றை 5 வோல்ட்டில் இயக்கியபோது ஆவியில் பார்மால்டிஹைடு சேர்மங்கள் தாராளமாக இருந்தன என்றது அது. 3.3 வோல்ட்டில் அவை தென்படவில்லை. பத்திரிகைகள் முதல் பாதியைத் தலைப்பாக்கின. மறுத்தவர்கள் சொன்ன வாதம் எளிமையானது: அந்தச் சூட்டில் பஞ்சு கருகும், கருகிய ஆவியை மனிதர் எவரும் இழுக்க மாட்டார், இழுக்கும் இயந்திரத்துக்கு நாக்கு கிடையாது. இரு தரப்பும் சொன்னதில் பொதுவான பாடம் ஒன்று உண்டு. வாட் ஏற ஏற வேதியியலும் மாறுகிறது. டாங்க் தாங்கும் அளவைவிடப் பெட்டியின் பலம் அதிகம் என்றால் அது கருவிக்குப் பெருமை இல்லை.

டாங்கின் கொள்ளளவில் சட்டமும் தலையிட்டது. ஐரோப்பிய யூனியனில் 2016 மே முதல் அமலுக்கு வந்த விதிகள்படி டாங்க் 2 மில்லிலிட்டருக்கு மேல் போகக் கூடாது, நிகோடின் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. யூனியனை விட்டு விலகிய பிறகும் பிரிட்டன் இவற்றை வைத்துக்கொண்டது. 200 வாட் பெட்டியின் தலையில் 2 மில்லிலிட்டர் டாங்க் என்பது லாரி என்ஜினுக்கு மொபெட்டின் பெட்ரோல் டாங்க். நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

திரவம் எங்கிருந்து வந்தது என்பதை எந்தத் திரையும் காட்டாது. 2019-ல் அமெரிக்காவில் இளைஞர்கள் கொத்துக்கொத்தாக நுரையீரல் கெட்டு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். 2020 பிப்ரவரி வரை 2,807 பேர் சேர்க்கப்பட்டோ இறந்தோ கணக்கில் வந்தார்கள். இறந்தவர்கள் 68 பேர். பெரும்பாலும் கள்ளச்சந்தையில் வாங்கிய கஞ்சாச்சத்து எண்ணெயில் கலந்திருந்த வைட்டமின் இ அசிடேட்தான் முக்கியக் காரணம் என்று தெரிய வந்தது. கருவி நல்லதா என்று மட்டும் பார்த்து, உள்ளே ஊற்றுவதைப் பார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கொடிய உதாரணம் வேண்டாம்.

இனி அந்த மான்செஸ்டர்காரரின் கேள்வி. இதற்குப் பதில் தேடிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்று லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகம் நடத்தி 2019-ல் வெளியானது. புகையை விட விரும்பிய 886 பேரில் ஒரு பாதிக்கு மின் சிகரெட், மறு பாதிக்கு சூயிங் கம், பட்டை போன்ற நிகோடின் மருந்துகள். இரு சாராருக்கும் ஆலோசனை உண்டு. ஓராண்டு முடிவில் சிகரெட்டைத் தொடாதிருந்தவர்கள் மின் சிகரெட் பிரிவில் 18 சதவீதம், மருந்துப் பிரிவில் 9.9 சதவீதம். ஏறக்குறைய இரு மடங்கு. அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது 200 வாட் அசுரன் இல்லை. நிரப்பிக்கொள்ளக்கூடிய ஒரு சிறிய கருவியும் ஒரு பாட்டில் நிகோடின் திரவமும்தான்.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. மின் சிகரெட்டால் சிகரெட்டை விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பிறகும் மின் சிகரெட்டை விடவில்லை. மருந்தால் விட்டவர்களில் மருந்தைத் தொடர்ந்தவர்கள் 9 சதவீதம்தான். அதோடு, 100 பேரில் 82 பேருக்கு எந்தக் கருவியும் கைகொடுக்கவில்லை என்பதையும் மறக்க முடியாது.

இந்தக் கருவிக்கு வித்திட்டவரின் கதையும் இதைத்தான் சொல்கிறது. சீன மருந்தாளர் ஹான் லிக் 2000-களின் தொடக்கத்தில் நவீன மின் சிகரெட்டை உருவாக்கினார். அவரே ஓயாமல் புகைத்தவர். புகைப்பழக்கம் கொண்டிருந்த அவருடைய தந்தை நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். கருவிக்கு வைத்த பெயர் 'ரூயன்', 'புகை போன்றது' என்று பொருள். உலகத்தையே புகைப் பழக்கத்திலிருந்து மீட்கும் கனவோடு தொடங்கியவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு அளித்த பேட்டிகளில் மின் சிகரெட்டோடு சாதா சிகரெட்டையும் பிடிப்பதாக ஒப்புக்கொண்டார். கண்டுபிடித்தவருக்கே பாதி விடுதலைதான்.

நாடுகளும் தத்தம் அளவுகோலை வைத்துத்தான் பார்த்தன. சிகரெட்டைவிட மின் சிகரெட் 95 சதவீதம் தீங்கு குறைவு என்று இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பு 2015-ல் அறிவித்தது. அந்த எண்ணின் அஸ்திவாரம் பலவீனமானது என்று 'லான்செட்' மருத்துவ இதழ் தலையங்கம் எழுதியது. அமெரிக்காவில் 2019-ல் உயர்நிலைப்பள்ளி மாணவர்களில் 27.5 சதவீதம் பேர் மின் சிகரெட் இழுத்தார்கள். அவர்கள் கையில் இருந்தவை கனமான பெட்டிகளைவிட, உள்ளங்கையில் மறையும் சிறிய ரகங்கள்தான். சிகரெட்டை விடுவதற்காக வந்த பொருள், சிகரெட்டே தொடாத பிள்ளைகளுக்கு நிகோடினை அறிமுகம் செய்தது. தூக்கி எறியும் ரகங்களின் விற்பனையைப் பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் தடை செய்தது.

இந்தியா அதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டது. 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து டிசம்பரில் நாடாளுமன்றச் சட்டமான தடை, மின் சிகரெட்டின் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், சேமிப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும். விற்று முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாணவர்களைக் காப்பது என்ற காரணம் அமெரிக்க அனுபவத்தைப் பார்த்தால் அலட்சியப்படுத்தக்கூடியதில்லை. ஆனால் பெட்டிக்கடையில் பீடிக்கட்டும் சிகரெட்டும் தொங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி வயதுவந்தோரில் 28.6 சதவீதம் பேர் ஏதோ ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம். கள்ளத்தனமாக வரும் கருவியின் செல் ஜோடி பொருந்தியதா, திரவத்தில் என்ன இருக்கிறது என்று சோதிக்கவும் ஆள் இல்லை. சட்டத்துக்கு உட்பட்ட வழியைத் தேடுபவருக்கு மருந்துக்கடையில் நிகோடின் சூயிங் கம் இருக்கிறது, 1800-11-2356 என்ற தேசிய ஆலோசனைத் தொலைபேசி இருக்கிறது.

மான்செஸ்டர்காரருக்கு எந்தப் பெட்டி நல்லது என்பதைக் கடையில் நின்று சொல்லிவிட முடியாது. ஒரு வருடம் கழித்து அவரிடம் இரண்டே கேள்விகள் கேட்க வேண்டும். கடைசியாகச் சிகரெட் வாங்கியது எப்போது? இந்தப் பெட்டியைக் கடைசியாகச் சார்ஜ் செய்தது எப்போது? முதல் கேள்விக்கு யோசித்துப் பதில் சொன்னாரானால் கருவி பாஸ். இரண்டாவதற்கும் யோசிக்க வேண்டியிருந்தால்தான் முதல் வகுப்பு.