வாசித்தது யாரு சார்?

லண்டனில் 'அபே ரோடு' என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. பீட்டில்ஸ் நாலு பேரும் வரிசையாக நடந்து போன அந்தப் புகழ்பெற்ற ஜீப்ரா கிராஸிங்குக்கும் இந்த நிலையத்துக்கும் ஸ்நானப்ராப்தி கூடக் கிடையாது. இந்தப் பேருண்மை, அங்கே இறங்கின பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

கிழக்கு லண்டனில், டிரைவர் இல்லாமல் ஓடும் குட்டி ரயில் பாதையில் 2011-ல் திறந்த நிலையம் அது. வெளியே வந்தால் தேமே என்று வீடுகள். தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு பெண்மணியிடம் "பீட்டில்ஸ்...?" என்று ஆரம்பித்தேன். வாக்கியத்தை முடிக்கவே விடவில்லை. பரிதாபமாகப் பார்த்துவிட்டு, நிலையத்தில் இருந்த அறிவிப்பைக் காட்டினாள். 'நீங்கள் தேடி வந்த இடம் இதுவல்ல, செயின்ட் ஜான்ஸ் வுட் போகவும்' என்கிற தினுசில் ஒரு போஸ்டர்! எனக்கு முன்னால் எத்தனை அசடுகள் வந்து இறங்கியிருந்தால் போஸ்டர் அடித்தே ஒட்டியிருப்பார்கள்? அந்த ஆறுதலோடு திரும்பினேன். மயிலாப்பூர் போக வேண்டியவன் மயிலாடுதுறையில் இறங்கின கதை.

ஆபீஸ் வேலையாக ஐந்து நாள் வந்திருந்தேன். சனிக்கிழமை ராத்திரி ஃப்ளைட். பகல் மட்டும் எனக்குச் சொந்தம். அதில் ஒரு மணி நேரம் இப்படி அம்பேல்.

நல்லவேளை, அடுத்த நிலையமான வெஸ்ட் ஹாமில் ஜூபிலி லைன் பிடித்தால் நேரே செயின்ட் ஜான்ஸ் வுட். அங்கிருந்து க்ரோவ் எண்ட் ரோடு வழியாக அஞ்சு நிமிஷ நடை. காசுள்ளவர்கள் பேட்டை. மரங்கள்கூட சத்தம் போடாமல் நிற்கின்றன. திடீரென்று 'பாம், பாம்' என்று ஹாரன். அடடா, நம்ம ஊர் வாசனை என்று திரும்பினால், அதுதான் கிராஸிங்!

ஒரு சாதாரண ஜீப்ரா கிராஸிங். கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை. ஆனால் அதை யாரும் சாதாரணமாகக் கடப்பதில்லை. நாலு நாலு பேராகச் சேர்ந்து, காலை அகட்டி வைத்து, பாதியில் உறைந்து நிற்கிறார்கள். ஐந்தாவது ஆள் நடுரோட்டில் குந்தி போட்டோ எடுக்கிறார். கார்க்காரர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். பால் மெக்கார்ட்னியாம். படத்தில் அவர் மட்டும் வெறுங்கால் அல்லவா!

அந்தப் படம் எடுத்தது 1969 ஆகஸ்ட் 8. நடுரோட்டில் ஏணி போட்டு ஏறி நின்றவர் இயன் மாக்மில்லன். ஒரு போலீஸ்காரர் டிராஃபிக்கை நிறுத்திக் கொடுக்க, மொத்தம் எடுத்தது ஆறே படம். தேர்வானது ஐந்தாவது. 2010-ல் இந்தக் கோடுகளைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாகவே அறிவித்துவிட்டார்கள். நம்ம ஊரில் ஜீப்ரா கோட்டைப் பார்ப்பதற்கே தொல்பொருள் துறை வேண்டும் என்பது வேறு விஷயம்.

பக்கத்திலேயே ஸ்டூடியோ. 1831-ல் கட்டின வீடு. ஈ.எம்.ஐ. கம்பெனி 1931-ல் ஒலிப்பதிவுக் கூடமாகத் திறந்தது. உள்ளே விடமாட்டார்கள். வாசலில் ஒரு குட்டைச் சுவர் உண்டு. அதில் உலகத்து மொழிகளில் எல்லாம் கிறுக்கியிருக்கிறார்கள். அவ்வப்போது வெள்ளையடிப்பார்கள், மறுபடி கிறுக்குவார்கள். மறுபடி வெள்ளை.

அந்தச் சுவரோரம்தான் சண்டை நடந்துகொண்டிருந்தது.

கைகலப்பு இல்லை, வாய்ச்சண்டைதான். லிவர்பூலிலிருந்து வந்த ஒரு பெரியவர், முதுகில் கிடார் சுமந்த ஓர் இத்தாலிப் பையன், 'அவங்க முதல்ல உருப்படியா வாசிக்கக் கத்துக்கிட்டதே எங்க ஊர்லதான்' என்று மார்தட்டிய ஹாம்பர்க் பெண்மணி. (அவர்கள் இங்கிலீஷில்தான் அடித்துக்கொண்டார்கள். நான் தமிழில் சொல்கிறேன்.)

"'பேக் இன் த யு.எஸ்.எஸ்.ஆர்.' பாட்டுல டிரம்ஸ் யாரு? ரிங்கோ!" என்றான் பையன்.

"கிடையவே கிடையாது. பால்!" என்றார் பெரியவர்.

பெரியவர் சொன்னதுதான் சரி. 1968 ஆகஸ்ட் 22-ம் தேதி, 'நான் சரியா வாசிக்கலை, உங்க மூணு பேர் கூட்டத்துல நான் ஒட்டவும் இல்லை' என்று மனம் நொந்து ரிங்கோ ஸ்டார் வெளியேறிவிட்டார். நேரே சார்டினியா தீவு. இங்கே டிரம்ஸில் உட்கார்ந்தவர் பால். ரெண்டு வாரம் கழித்து ரிங்கோ திரும்பி வந்தபோது, அவருடைய டிரம்ஸ் முழுக்கப் பூவால் அலங்காரம் செய்து வைத்திருந்தார்கள். ராஜினாமா கொடுத்தவரை இப்படி வரவேற்கிற ஆபீஸ் எங்காவது இருந்தால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

பையன் விடவில்லை. "அப்ப 'ஒயில் மை கிடார்' பாட்டுல அழுகிற அந்த கிடார்? பாட்டை எழுதினதே ஜார்ஜ் ஹாரிசன். அவர்தானே வாசிச்சிருப்பார்?"

அதுவும் இல்லை! அது எரிக் க்ளாப்டன். 1968 செப்டம்பர் 6-ல் ஜார்ஜ் அவரைக் கூப்பிட்டபோது, 'பீட்டில்ஸ் ரெக்கார்டில் வெளியாள் வாசிப்பதில்லையே' என்று தயங்கினாராம். என் பாட்டு, நான் கூப்பிடுகிறேன் என்று இழுத்து வந்தார் ஜார்ஜ். ஆனால் உறையில் க்ளாப்டன் பெயர் இல்லை. பதிலுக்கு க்ளாப்டனின் 'க்ரீம்' குழு 1969-ல் வெளியிட்ட 'பேட்ஜ்' பாட்டில் ஜார்ஜ் வாசித்தார். 'லாஞ்சலோ மிஸ்டீரியோசோ' என்று புனைபெயரில்! மர்ம தேவதை என்று அர்த்தம். மொய்க்கு மொய்.

இப்போது ஹாம்பர்க் அம்மணி தன் துருப்புச் சீட்டை இறக்கினாள். "'லவ் மீ டூ' - டிரம்ஸ் யாரு?"

"எந்த 'லவ் மீ டூ'?" என்று பெரியவர் திருப்பிக் கேட்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. சரியான ஆள்!

விஷயம் இதுதான். அந்த ஒரே பாட்டை 1962-ல் இந்தக் கட்டடத்தில் மூன்று தடவை பதிவு செய்தார்கள். ஜூன் 6-ல் டிரம்ஸ் பீட் பெஸ்ட். ஆகஸ்டில் அவர் வேலை போய், செப்டம்பர் 4-ல் ரிங்கோ. அதுவும் திருப்தியில்லாமல் செப்டம்பர் 11-ல் ஆண்டி ஒயிட் என்ற கூலிக்கு வாசிக்கும் கலைஞர். அன்றைக்கு ரிங்கோ கையில் கொடுத்தது ஒரு தாம்பூரின், அதாவது ஜால்ரா வைத்த கஞ்சிரா! புது மாப்பிள்ளையைப் பந்தியில் தண்ணீர் ஊற்றச் சொன்ன மாதிரி. அக்டோபரில் வந்த முதல் ரெக்கார்டில் ரிங்கோ வாசித்தது. அடுத்த வருஷம் வந்த ஆல்பத்தில் ஆண்டி ஒயிட் வாசித்தது. கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. தாம்பூரின் சத்தம் 'சல் சல்' என்று கேட்டால் ஆண்டி ஒயிட். கேட்காவிட்டால் ரிங்கோ.

நான் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, கிட்டத்தட்ட நாலாவது ஆளாகவே ஆகிவிட்டேன். நம்ம டீக்கடையில் 'அந்தப் பாட்டுல புல்லாங்குழல் யாரு தெரியுமா?' என்று மணிக்கணக்கில் மல்லுக்கட்டின பரம்பரை அல்லவா!

"இதையெல்லாம் எப்படி சார் அடிச்சுச் சொல்றீங்க?" என்று கேட்டேன்.

பெரியவர் குஷியாகிவிட்டார். ஸ்டூடியோ எல்லாவற்றையும் எழுதி வைத்ததாம். என்ன தேதி, எந்த ஹால், எத்தனையாவது டேக் என்று. அந்தக் காகிதங்களையும் டேப்புகளையும் ஆராய்ந்து மார்க் லூயிசன் 1988-ல் வெளியிட்ட புத்தகம் வந்த பிறகு, பாதிச் சண்டைகள் தீர்ந்துபோயின. டேப்பிலேயே பேச்சும் இருக்கும். 1969 ஏப்ரல் 14-ல் 'ஜான் அண்ட் யோகோ' பாலட் பாட்டுக்கு வந்திருந்தது ஜானும் பாலும் மட்டும்தான். ஜார்ஜ் வெளிநாட்டில். ரிங்கோ சினிமா ஷூட்டிங்கில். டிரம்ஸில் இருந்த பாலை ஜான் 'ரிங்கோ' என்று கூப்பிட்டு வேகப்படுத்தச் சொல்ல, பால் பதிலுக்கு அவரை 'ஜார்ஜ்' என்று கூப்பிட்டாராம். ஆளில்லாத ஆபீஸில் அட்டெண்டன்ஸ் கொடுக்கிற அதே குறும்பு.

சிரித்து ஓய்ந்ததும் பெரியவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ இந்தியாவா?"

"ஆமாம், மெட்ராஸ்."

"அப்ப உனக்கு ஒரு கேள்வி. 1967. 'சார்ஜண்ட் பெப்பர்' ஆல்பம். ஜார்ஜோட 'விதின் யூ விதவுட் யூ'. அவர் குரலோடயே கூட இழைஞ்சு வருமே தில்ரூபா... வாசிச்சது யாரு?"

மூன்று ஜோடிக் கண்கள் என்மேல். இந்தியாவின் மானம் என் கையில். தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னேன்: "ரவிசங்கர்!"

இத்தாலிப் பையன்கூட 'ப்ச்' என்றான்.

"ரவிசங்கர் ஜார்ஜுக்கு குரு. ஆனா பீட்டில்ஸ் ரெக்கார்ட் எதுலயும் அவர் வாசிச்சதில்லை" என்றார் பெரியவர், ஃபெயிலான பையனைப் பார்க்கும் வாத்தியார் மாதிரி. எனக்கு முகம் சுருங்கிவிட்டது.

அப்புறம் அவர் சொன்ன கதையில்தான் நான் கேலியை மறந்தேன்.

1946 முதல் லண்டனில் 'ஏஷியன் மியூசிக் சர்க்கிள்' என்று ஒரு சங்கம் இருந்தது. நடத்தியவர் அயனா அங்காடி என்கிற இந்தியர். ஜார்ஜுக்கு நம் சங்கீதத்தின் கதவைத் திறந்துவிட்டதில் இந்தச் சங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 1966-ல் 'லவ் யூ டூ' பாட்டுக்கு இங்கே தபலா வாசித்தவர் அனில் பகவத். 'ரிவால்வர்' ஆல்பத்தின் உறையில் அவர் பெயரை அச்சடித்தார்கள். நல்ல பழக்கம். ஆனால் அடுத்த வருஷமே அது மறந்துபோயிற்று.

1967 மார்ச் 15. இதே கட்டடம். லண்டன்வாழ் இந்தியர்கள் சிலர் வாத்தியங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். மற்ற மூன்று பீட்டில்ஸும் இந்தப் பாட்டில் வாசிக்கவே இல்லை. பிறகு எட்டு வயலின், மூன்று செல்லோ சேர்த்தபோது, அந்த தில்ரூபாவின் வழுக்கலை மேற்கத்திய வயலின்காரர்களுக்குப் புரியவைப்பதற்குள் ஜார்ஜ் மார்ட்டினுக்கும் ஹாரிசனுக்கும் பெரும்பாடு. உலகம் முழுக்க அந்த ஆல்பம் விற்றது. உறையில் மர்லின் மன்றோவிலிருந்து கார்ல் மார்க்ஸ் வரைக்கும் அத்தனை தலைகள். ஆனால் உள்ளே உட்கார்ந்து வாசித்த இந்தியர்களின் பெயர் மட்டும் ஒரு மூலையிலும் இல்லை. 'இந்திய இசைக்கலைஞர்கள்' - அவ்வளவுதான் அவர்களுக்கு அடையாளம். எத்தனை வருஷம்? ஐம்பது!

2017-ல், பொன்விழாவை ஒட்டித்தான் பெயர்கள் வெளியே வந்தன. பெரியவர் கோட்டுப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எழுத்துக் கூட்டி, உச்சரிப்புத் தப்பிவிடக் கூடாதே என்ற கவனத்தோடு வாசித்தார்.

"தில்ரூபா - அன்னா ஜோஷி, அம்ரித் கஜ்ஜார். தபலா - நட்வர் சோனி. தம்பூரா - புத்ததேவ் கன்சாரா. ஸ்வரமண்டல் - பி.டி. ஜோஷி."

யாரும் பேசவில்லை. ரோட்டில் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"ரிங்கோவா பாலான்னு சண்டை போடறது சும்மா தமாஷுக்கு. ரெண்டு பேரும் கோடீஸ்வரங்க. அவங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்லை. இவங்க பேரைத்தான் சரியாச் சொல்லணும்" என்றார். நோட்டை மூடி வைத்துக்கொண்டு, பையனைப் பார்த்து, "சரி, 'டாக்ஸ்மேன்' கிடார் சோலோ யாரு? ஜார்ஜ்னு மட்டும் சொல்லிடாதே!" என்று அடுத்த ரவுண்டை ஆரம்பித்துவிட்டார். (பால்தான். நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.)

நானும் கிராஸிங்கை ஒரு தரம் கடந்தேன். போட்டோ எடுக்கத் தோன்றவில்லை.

ஹீத்ரோவில் ஃப்ளைட்டுக்கு ரெண்டு மணி நேரம் இருந்தது. லாப்டாப்பைத் திறந்து, ஐந்து நாளாக நான் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். முப்பத்திரண்டு பக்கம். 'தயாரித்தவர்' என்ற இடத்தில் என் பெயர், தடித்த எழுத்தில். அதில் உள்ள கணக்குகள், அட்டவணைகள், வரைபடங்கள் பூராவும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து போட்டது எங்கள் செக்ஷனில் புதுசாகச் சேர்ந்த பையன். நான் செய்தது, கோமா வைத்து, விமானம் ஏறினது. போன வருஷம் என் மேனேஜர் இதையே எனக்குச் செய்தபோது, கேண்டீனில் மூன்று நாள் அவரைத் திட்டித் தீர்த்தவன் நான்.

இத்தனைக்கும் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை சார். பெயர் போட வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அந்த உறையை அச்சுக்கு அனுப்பினவருக்கும் இப்படித்தான் தோன்றாமல் போயிருக்கும்.

முதல் பக்கத்தில் என் பெயருக்கு மேலே அவன் பெயரைச் சேர்த்தேன். எல்லோருக்கும் மறுபடி அனுப்பினேன். அவனுக்கும் ஒரு காப்பி.

மீனம்பாக்கத்தில் இறங்கி போனை உயிர்ப்பித்தால், முதலில் வந்து விழுந்தது அவன் பதில்தான்:

'ரொம்ப தேங்க்ஸ் சார். அம்மாகிட்ட காட்டினேன். இனிஷியல் மட்டும் தப்பு சார்.'